வாயிற்படியிலே கேட்கப்படும் சான்று

"அடித்துவிட்டார்கள், ஐயா" என்று அழுதபடி வருகிறான் சிறுவன். "அடிப்பதே அவர்கள் வழக்கம் என்பதை முதலில் மெய்ப்பித்துவிட்டு வா, பிறகு உன் பேச்சைக் கேட்கிறேன்" என்கிறார் ஆசிரியர். அவரை என்னென்போம், தோழர்களே? வகுப்பறையிலே நாம் ஏற்காத இந்த முறை, அமெரிக்க நாட்டு நீதிமன்றங்கள் சிலவற்றிலே நெறியாக நின்றது!

விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் கூ க்ளக்ஸ் கிளான் எனும் முகமூடிக் கூட்டம் வேட்டையாடிய காலத்தில், 1871ஆம் ஆண்டில், அந்நாட்டில் ஒரு சட்டம் பிறந்தது. அரசு தந்த அதிகாரத்தைக் கொண்டு பிறர் உரிமையைப் பறிப்பவன் மீது வழக்குத் தொடுக்கலாம் என்றது அச்சட்டம். ஆனால், அதிகாரி மீது வழக்குண்டு, நகராட்சி மீது இல்லை என்று 1961இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. 1978இலேதான் நகராட்சியும் கூண்டேறலாம் என்றாயிற்று. அப்போதும் ஒரு நிபந்தனை: ஊழியன் செய்த கொடுமை மட்டும் போதாது, நகராட்சியின் கொள்கையோ வழக்கமோ அதற்குக் காரணமென்று காட்டவேண்டும்.

அந்தக் கொள்கை எங்கே இருக்கிறது? நகராட்சியின் அலமாரியிலே! சாவி யாரிடம்? அதே நகராட்சியிடம்! பூட்டியவனே சாவியை வைத்துக்கொண்டு, "உள்ளே இருப்பதைச் சொல்" என்று அடிபட்டவனைக் கேட்பது அறமாகுமா?

டெக்சாஸ் மாநிலத்து டாரன்ட் கவுண்டியில், போதைப்பொருள் தேடிக் காவலர் வீடுகளில் நுழைந்தனர். ஒரு வீட்டில் இருந்தவரைத் தாக்கினர் என்றும், மற்றொரு வீட்டில் நாய்களைச் சுட்டுக்கொன்றனர் என்றும், காவலருக்குத் தக்க பயிற்சி தராதது உள்ளாட்சியின் குற்றமென்றும் வழக்கு எழுந்தது. பிராதிலே விவரம் போதாதென்று தள்ளிவிட்டனர். 1993இல் உச்சநீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றிற்று. சுருக்கமும் தெளிவும் கொண்ட பிராது போதுமென்பது பொதுவிதி. உள்ளாட்சிக்கென்று தனி முள்வேலி போட நீதிமன்றத்துக்கு உரிமையில்லை என்றது தீர்ப்பு.

"வீண்வழக்கு மலியுமே, மக்களின் வரிப்பணம் பாழாகுமே" என்பர். அந்தக் கவலை பொய்யன்று. ஆனால் பதரைப் புடைத்தெடுக்க முறம் இருக்கிறது: ஏடுகளைப் பார்த்தபின், விசாரணைக்கு முன்பே, ஆதாரமற்ற வழக்கை நீதிபதி முடித்துவிடலாம். பதர் இருக்குமென்று அஞ்சி, நெல்லையே களத்துக்குள் விடாதிருப்பதா?

2009ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று, வெறும் முடிவுரை போதாது, நம்பத்தக்கதாகத் தோன்றச்செய்யும் நிகழ்ச்சிகளையும் பிராதில் கூறவேண்டும் என்று வாயிலை மீண்டும் இறுக்கிற்று. தனக்கு நேர்ந்ததைச் சொல் என்று கேட்கலாம். அதை அவன் அறிவான். எதிரியின் அலமாரியில் உறங்கும் ஆணையை, அலமாரியைத் திறக்குமுன்னே சொல் என்றால், அது விசாரணையாகாது, விரட்டுதல் ஆகும்.

சான்று கேட்பது பகுத்தறிவு. எவரிடம், எப்போது கேட்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதும் பகுத்தறிவே. வலியவன் தன் ஏட்டைத் திறக்கட்டும். எளியவனின் குற்றச்சாட்டை அதன் பிறகு எடைபோடுவோம்!