பகல் மட்டும்

மத்தியானம் மூன்று மணி. காசிமேட்டில் வலை பொத்துகிறவர்கள் படகு நிழல் நகர நகரத் தாங்களும் நகர்ந்து உட்காருகிறார்கள். மகளை வண்டியேற்ற சென்ட்ரலுக்குக் கிளம்பினோம்.

வழியில் ராயபுரம் ஸ்டேஷன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் போனது. கூட்டம் கலைந்த பிறகும் பந்தலில் உட்கார்ந்திருக்கும் கல்யாண வீட்டுப் பெரியவர் மாதிரி, அந்தத் தூண்கள்.

ராயபுரத்தின் நெரிசலைக் குறைக்க 1873-இல் எழுந்தது சென்ட்ரல். அதற்கும் தெற்கு ரயில்வே தலைமையகத்துக்கும் நடுவே பக்கிங்காம் கால்வாய்; சற்றுத் தள்ளிக் கூவம். நீர்க்கரைக் கட்டடம் என்று யாரும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை. தண்ணீர் அந்த நிலையில் இருக்கிறது, மூக்குதான் ஞாபகப்படுத்துகிறது.

நடைமேடைக் கூரைகளின் மேல் சோலார் தகடுகள். 1.5 மெகாவாட். பகல் நேரத் தேவை முழுவதும் இனி வெயிலிலிருந்தே என்று ரயில்வே 2021-இல் அறிவித்தது. இத்தனை நீளக் கூரை இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. பயணிகள் தலையில் வெயில் படக்கூடாது என்று போட்ட கூரை அது. இப்போது வெயில் வராத நாளில் அதற்கு வேலை குறைவு.

"அப்போ ராத்திரிக்குப்பா?" என்றாள்.

மோவாயால் வடக்கைக் காட்டினேன். 1970-இல் ஓடத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. கொசஸ்தலையாற்றுக்கு அந்தப்பக்கம் அத்திப்பட்டில் கரி இன்னும் எரிகிறது. அங்கே எரிந்த கரியின் சாம்பல் ஆற்றில் இறங்கி, கை போட்டு இறால் தடவுகிற இடங்களைச் சேறாக்கியிருக்கிறது. ராத்திரி இந்த நடைமேடைக்கு வருவது அந்தக் கரண்டுதானா? யாரும் அடித்துச் சொல்ல முடியாது. கம்பியில் கலந்துவிட்டால் வெயிலுக்கும் கரிக்கும் ஒரே நிறம்.

அந்தி சாய்ந்தது. வெயில் விட்டுக் கரி பிடிக்கும் நிமிஷத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு குழல்விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிறுபிள்ளைத்தனம்தான்.

ஆறரை. வண்டி நகர்ந்தது. கையாட்டினேன். திரும்பிப் பார்த்தபோது கூரைக்கு வெளியே இருட்டியிருந்தது. விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. ஒரு தரம்கூடச் சிமிட்டியதாகத் தெரியவில்லை.