யாருடைய சௌகரியம்?

1965-ல் அல்கால் டபிள்யூ என்ற கணினி மொழிக்காக டோனி ஹோர் 'நல்' என்பதை உண்டாக்கினார். ஒரு பொருளைச் சுட்ட வேண்டிய இடம் எதையும் சுட்டாமலும் இருக்கலாம் என்ற அனுமதி அது. 2009-ல் அதைத் தம்முடைய நூறு கோடி டாலர் தவறு என்றார். சேர்த்ததற்கு அவர் சொன்ன காரணம்: செய்வதற்குச் சுலபமாக இருந்தது.

இந்தக் காரணம்தான் என்னை உறுத்துகிறது. வங்கி குமாஸ்தாவான எனக்கு, லெட்ஜரில் பூஜ்யம் ஒரு கூற்று. இருப்பு இல்லை என்று ஒருவன் பொறுப்பேற்றுச் சொல்வது. காலியாக விட்ட கட்டம் யாருடைய கூற்றும் அல்ல. 'நல்' இந்தக் கட்டத்தைப் போன்றது. மொழியை அமைத்தவனுக்கு மிச்சமான உழைப்பு பின்னால் வருகிற ஒவ்வொரு புரோகிராமர் தலையிலும் விழுகிறது. உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் தட்டிப் பார்த்தாக வேண்டும். ஒரு தடவை மறந்தால் புரோகிராம் நடுவில் நின்றுபோகலாம்.

2015-ல் 1.0 பதிப்பு கண்ட ரஸ்ட் மொழி இன்மையை ஒழித்துவிடவில்லை. இல்லாமல் போகக்கூடியதை 'ஆப்ஷன்' என்று முன்னதாகவே அறிவிக்கச் சொல்கிறது. அந்த அறிவிப்பைக் கடக்காமல் உள்ளிருக்கும் பொருளை எடுக்க முடியாது. எழுதுகிறவனுக்கு இது சள்ளைதான். ஆனால் படிக்க வருகிறவன் ஏமாறுவதில்லை.

கருவிகளைப் பற்றிய அபிப்பிராயங்கள் வெறும் ருசி விவகாரம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. ஒருவன் தன் சௌகரியத்துக்காகச் சொல்லாமல் விட்டதை, முகம் தெரியாத இன்னொருவன் சுமக்கிறான்.