காலந்தாழ்ந்த வருகை

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட சமவெளியில் மறைப்பணி ஆற்றும் நமக்கு மிகவும் பழக்கமான காட்சி ஒன்று உண்டு. தில்லியிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ புறப்பட்ட ஒரு பெண், விடியற்காலையில் சேலத்தில் இறங்கி, இராசிபுரம் சாலை வழியே தம் சிற்றூருக்கு வருகிறார். பெரிய நிறுவனமொன்றில் உயர்ந்த பொறுப்பில் இருப்பவர். ஆனால் அவருடைய அப்பத்தாவின் அடக்கம் முந்தின நாள் மாலையே முடிந்துவிட்டது. பந்தல் மட்டும் பிரிக்கப்படாமல் நிற்கிறது. அதன் ஓரத்திலிருந்து, “உயிரோடிருந்தபோது வராதவள் இப்போது எதற்கு வந்தாள்?” என்று ஒரு குரல் எழுகிறது. இஃது எந்த ஒரு வீட்டின் கதையுமன்று. பல இல்லங்களில் நாம் கண்டதும் கேட்டதுமே.

அக்குரல் கொடியது, ஆயினும் அது எழுப்பும் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. இறந்தவருக்கு இனி ஒரு வாய்த் தண்ணீரும் கொடுக்க இயலாத வேளையில் ஊர் திரும்புவதற்குப் பொருள் உண்டா? அடக்கத் திருப்பலி மறையுரைகளில் தொலைவில் வாழும் பிள்ளைகளை நாமும் குத்திக் காட்டியதுண்டு. அம்மறையுரைகளில் பாதி உண்மைதான் இருந்தது என்று இன்று எண்ணத் தோன்றுகிறது.

அப்பெண்ணை அனுப்பியவர் யார் என்று நாம் கேட்கவில்லை. மழையை நம்பிய மானாவாரி நிலத்தில் மரவள்ளி பயிரிட்டு, கிழங்கைச் சேகோ ஆலைக்குப் போட்டு, வந்த பணத்தில் பேத்தியின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியவர் அந்த அப்பத்தாவே. கிணறு வற்றிய ஆண்டுகளில் காதிலிருந்ததைக் கழற்றி அடகு வைத்தவரும் அவரே. தம்மைப் போல் பேத்தியும் வெயிலில் வேகக்கூடாது என்று விரும்பினார். ஆகவே அவள் ஊரைவிட்டுச் சென்றது கீழ்ப்படியாமையன்று, கீழ்ப்படிதலே.

உலகறிந்த ஒரு குடும்பத்திலும் இதைக் காண்கிறோம். 1958இல், 19 வயதே ஆன சியாமளா கோபாலன் மேற்படிப்புக்காக அமெரிக்காவின் பெர்க்லி நகருக்குச் சென்றார். மணமாகாத பெண்ணைத் தனியே கடல் கடந்து அனுப்ப எவரும் தயங்கிய அக்காலத்தில் அதற்கு இசைந்தவர், துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட அவருடைய தந்தை பி. வி. கோபாலன். பாட்டனார் சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரையில் நண்பர்களோடு நடந்தபடி மக்களாட்சியையும் நேர்மையையும் பற்றிப் பேசியதைக் கேட்டு வளர்ந்தவர், சியாமளாவின் மகள் கமலா ஹாரிஸ். பாட்டனார் 1998இல் மறைந்தார். 2009இல் தாய் இறந்தபோது, சான் பிரான்சிஸ்கோவில் அரசு வழக்கறிஞராக உயர்பதவியில் இருந்த கமலா, அவருடைய அஸ்தியைச் சென்னைக்குக் கொண்டுவந்து கடலில் கரைத்தார். அவர் அமெரிக்கத் துணை அதிபராகப் பொறுப்பேற்றது 2021இல். இறந்தோரை அடக்கம் செய்யும் நம் வழக்கம் வேறு. எனினும், மூத்தோர் வழியனுப்பி வைத்த பயணம் மூத்தோரின் மண்ணை மறப்பதாகாது என்பதை அந்த வருகை காட்டுகிறது.

அப்படியாயின் திரும்பி வருபவருக்குக் கடன் எதுவும் இல்லையா? உண்டு. ஆனால் அதை யாருக்குச் செலுத்துவது என்பதில்தான் நாம் தவறிவிடுகிறோம். தொடக்கநூலின் இறுதி அதிகாரம் இங்கே நமக்குத் துணை நிற்கிறது. எகிப்தில் பெரும் பதவியில் இருந்த யோசேப்பு, தந்தை யாக்கோபை அடக்கம் செய்யப் பார்வோனிடம் விடைபெற்றுக் கானான் நாட்டுக்குச் சென்றார். மக்பேலாக் குகையில் அடக்கம் முடிந்ததும் எகிப்துக்கே திரும்பினார். அவர் மீண்டும் தம் பணிக்குச் சென்றதைத் திருநூல் குறை கூறவில்லை. அடக்கத்தோடு கதை முடியவுமில்லை. தந்தை போய்விட்டபின் யோசேப்பு தங்களைப் பழிவாங்குவாரோ என்று உடன்பிறந்தோர் அஞ்சினர். அவரோ கண்ணீர் விட்டார். அஞ்ச வேண்டாம் என்றார். அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் பேணிக் காப்பதாக வாக்களித்தார். தந்தைக்குரிய அன்பு, உயிரோடிருக்கும் உடன்பிறந்தோரிடம் போய்ச் சேர்ந்தது.

நம் ஊர் வீட்டுக்குள்ளும் அப்படி ஒருவர் இருக்கிறார். மாமியாரின் கடைசி ஆண்டுகளில் படுக்கை விரிப்பைத் துவைத்தவர், கஞ்சியை ஆற்றி ஊட்டியவர், நள்ளிரவில் எழுப்பிய குரலுக்கு எழுந்தவர் அந்தச் சின்னம்மாவே. துக்கம் கேட்க வந்தோர் அனைவரும் வெளியூரிலிருந்து வந்த பேத்தியைச் சூழ்ந்துகொள்ள, அவர் அடுக்களையில் வந்தவர்களுக்குத் தேநீர் கலந்துகொண்டிருப்பார்.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்ததும் நிலத்தைப் பற்றிய பேச்சு வரும். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாது இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் பங்கு சமமே. மகன் முன்னரே இறந்திருந்தால் அவன் பங்கு அவன் பிள்ளைகளைச் சேரும். இவ்வுரிமை திருவிதாங்கூர்க் கிறிஸ்தவப் பெண்களுக்கும் உண்டு என்று மேரி ராய் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, “அவளுக்குத்தான் வேலை இருக்கிறதே” என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்பது அறமாகாது. அவர் தம் பங்கைப் பெறுவதும் பேராசையாகாது.

ஆயினும் சட்டம் இரத்த உறவைக் கணக்கிடுகிறதேயன்றி விழித்திருந்த இரவுகளைக் கணக்கிடுவதில்லை. உயில் இல்லையேல் மருமகள் என்ற முறையில் அந்தச் சின்னம்மாவுக்கு மாமியார் சொத்தில் ஒரு குழி நிலமும் உரிமையில்லை. சட்டம் முடிந்துபோகும் இந்த இடத்தில்தான் மனச்சான்றின் வேலை தொடங்குகிறது. பேத்தி தம் பங்கை எடுத்துக்கொள்ளலாம், விட்டும் கொடுக்கலாம். எதைச் செய்தாலும், தாம் செய்ய வேண்டிய பணியைத் தமக்காக மற்றொருவர் செய்தார் என்பதை எண்ணிப் பார்த்துச் செய்யட்டும். விட்டுக்கொடுப்பதானால் வற்புறுத்தலுக்கு அஞ்சியன்று, மனமுவந்து கொடுக்கட்டும். அதற்கும் முன்பாக, அடுக்களைக்குச் சென்று அந்தக் கைகளைப் பற்றி நன்றி சொல்லட்டும். அந்த நன்றிக்காக அவர் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தாரோ!

நமக்கும் கடமை உண்டு. பந்தல் ஓரத்துக் குரலோடு நாம் சேராதிருப்போம். வீட்டிலிருந்து முதியோரைப் பேணுவோரை அவர்கள் பேணும் நாளிலேயே சென்று காண்போம். நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் தோட்டத்தில் மந்திரிக்கையில், தொலைவில் வாழும் பேத்தி ஆண்டுக்கொரு முறையேனும் அங்கு வந்து நிற்பதைக் காண விரும்புகிறோம். சின்னம்மாவையும் அழைத்துக்கொண்டு இருவரும் ஒரே மெழுகுதிரியை ஏற்றுவார்களானால், காலந்தாழ்ந்த அந்த வருகை பொருளற்றதென்று எவர் சொல்ல முடியும்?