சுமாராக வாசிப்பவர்களின் அறம்

ஒரு காரியத்தை வாழ்நாள் முழுக்கச் சுமாராகத்தான் செய்யப்போகிறோம் என்று தெரிந்த பிறகும் அதைத் தொடரலாமா? தொடரலாம் என்றால், எவ்வளவு சிரத்தையோடு? "பிடிச்சிருந்தா செஞ்சுட்டுப் போங்க, யார் கேக்கப் போறா?" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் தமிழில் கேட்பது என்பதற்கு இரண்டு பொருள் இருக்கிறது: தட்டிக்கேட்பது, காதுகொடுத்துக் கேட்பது. இந்த இரண்டையும் ஒரே ஆட்கள் செய்கிற ஓர் இடம் உண்டு. மேற்கத்திய செவ்வியல் இசையில் சேம்பர் இசையை, மேடைக்காக இல்லாமல், யாரோ ஒருவர் வீட்டில் கூடி வாசிக்கிற அமெச்சூர்களின் அறை அது.

அமெச்சூர் என்ற சொல் லத்தீனில் 'நேசித்தல்' என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நம்மிடமும் அது ஒருகாலத்தில் மரியாதையான சொல்லாகத்தான் இருந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபாவில் வக்கீல்களும் அரசு உத்தியோகஸ்தர்களும் நடித்தார்கள். கூத்தாடுவது கௌரவக் குறைவு என்று நினைத்த காலத்தில், அமெச்சூர் என்பதே அவர்களுக்குக் கவசம். இன்று அதே சொல்லைக் கிட்டத்தட்ட 'கத்துக்குட்டி' என்ற பொருளில் வசவாகப் பயன்படுத்துகிறோம். நேசிப்பவர் எப்போது அரைகுறை ஆனார்?

சேம்பர் என்றால் அறை. இரண்டு பேரிலிருந்து எட்டொன்பது பேர் வரை வாசிப்பார்கள். ஒரு பகுதிக்கு ஒருவர்தான். கண்டக்டர் கிடையாது. ஆர்கெஸ்ட்ராவில் முதல் வயலின் பகுதியைப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வாசிப்பார்கள், நீங்கள் நான்கு சுரங்களை விட்டுவிட்டாலும் பக்கத்து நாற்காலி காப்பாற்றிவிடும். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ கொண்ட நால்வர் குழுவில் அந்த வசதி இல்லை. நீங்கள் விட்டது விட்டதுதான்.

இன்னொரு விஷயம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. ஹைடன் 1781-இல் எழுதிய ஓபஸ் 33 நால்வரிசைகளையோ, மொஸார்ட் 1785-இல் அவருக்குக் காணிக்கையாக்கி வெளியிட்ட ஆறு நால்வரிசைகளையோ அன்று கடையில் வாங்கினால், நான்கு தனித்தனிச் சுவடிகள்தான் கிடைத்திருக்கும். வியோலா வாசிப்பவர் முன்னால் வியோலாவின் வரி மட்டும். இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். முழுமை யார் முன்னாலும் விரித்து வைக்கப்படவில்லை. மற்ற மூவரைக் கேட்பது ஒன்றுதான் அதை அறிய வழி. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலிலும் ஆளுக்கொரு பகுதிதான், ஆனால் 'அப்புறம் சேர்த்துப் பார்த்துக்கலாம்' என்று ஒன்று உண்டு. நால்வர் குழுவில் அந்த 'அப்புறம்' கிடையாது.

இந்த இசை முதலில் எழுதப்பட்டதே பெரும்பாலும் வாசிப்பவர்களுக்காகத்தான். ஷூபர்ட்டின் வீட்டில் பள்ளி ஆசிரியரான அப்பா செல்லோ, இரண்டு அண்ணன்கள் வயலின், ஷூபர்ட் வியோலா. நவீன வயிற்று அறுவை சிகிச்சையின் முன்னோடியான தியோடோர் பில்ரோத் வியன்னாவில் வியோலா வாசித்த டாக்டர். பிராம்ஸ் 1873-இல் வெளியிட்ட ஓபஸ் 51 நால்வரிசைகள் இரண்டும் அவருக்குத்தான் காணிக்கை. இதையெல்லாம் பொற்காலம் என்று கொண்டாடிவிட முடியாது. கருவி வாங்கக் காசும் வாசிக்க ஓய்வும் உள்ள வீடுகளின் இசை அது. வயலினும் செல்லோவும் பெண்களுக்கு அழகில்லை என்று சொல்லி அவர்களைப் பியானோவோடு நிறுத்திய சமூகமும் அதுதான்.

பிறகு அறையின் கதவு திறந்தது. 1804-05 வாக்கில் வியன்னாவில் ஷூப்பன்சிக் நால்வரிசைகளைச் சந்தா கட்டிக் கேட்கும் பொதுக் கச்சேரிகளாக்கினார். அடுத்து வந்த பேத்தோவனின் ஓபஸ் 59 சாயங்கால நண்பர்களின் கைக்கு எளிதில் அடங்காதது. வாசிப்பவர் வேறு, கேட்பவர் வேறு என்று ஆனது. ஒரு நூற்றாண்டு கழித்து ஒலிப்பதிவு வந்தது. இனி அமெச்சூர்கள் அழிந்தேபோவார்கள் என்று அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஃபிலிப் சூசா 1906-இல் கோபமாக ஒரு கட்டுரை எழுதினார். அவர் பயந்த அளவுக்கு நடக்கவில்லை. ஆனால் உலகின் மிகச் சிறந்த நால்வர் குழு நம் சட்டைப்பையில் இருக்கும்போது, நாம் என்னத்துக்கு அதே இசையைத் தட்டுத்தடுமாறி வாசிக்க வேண்டும் என்ற கேள்வி அன்று பிறந்ததுதான். கட்டளையிட்டால் எந்திரமே பாட்டுக் கட்டித்தரும் இந்த நாட்களில் அது இன்னும் கூர்மையாகியிருக்கிறது.

ஒரு பதில் ஆல்ஃபிரட் ஷூட்ஸிடம் இருக்கிறது. பகலில் வங்கி வேலை, மற்ற நேரத்தில் தத்துவம் என்று வாழ்ந்தவர். ஒருவகையில் அவரே அமெச்சூர். சேர்ந்து இசைப்பதைப் பற்றி 1951-இல் எழுதிய கட்டுரையில், மனிதர்கள் ஒருவர் மற்றவரின் உள்ளே ஓடும் காலத்தோடு தன்னுடையதைச் சுருதி சேர்த்துக்கொள்வதுதான் எல்லா உரையாடலுக்கும் அடிப்படை என்கிறார். ஒலிப்பதிவு எனக்கு இசையைத் தருகிறது. ஆனால் அதன் காலத்தில் எனக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. நான் எழுந்து காபி போடப் போனாலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஹைடனில் இரண்டாம் வயலினும் வியோலாவும் பல இடங்களில் ஒரே சுரத்தைத் திரும்பத்திரும்பத் தட்டிக்கொண்டே இருக்கும். தனியாகப் பயிற்சி செய்தால் கொட்டாவி வரும். மேலே முதல் வயலின் பாடத்தொடங்கும்போதுதான், அது நிற்கிற தரை நீங்கள் என்று புரியும். இந்த அறிவு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு மட்டுமே கிடைக்கும்.

சரி, அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் வாசிக்கலாமா? இங்கேதான் 1947-இல் அமெரிக்காவில் நடந்த ஒன்று உதவுகிறது. லியோனார்ட் ஸ்ட்ராஸ் இண்டியானாபொலிஸ் நகரத்து வியாபாரி. வெளியூர் போகும்போது கூட வாசிக்க ஆள் கிடைப்பதில்லை என்பது அவர் குறை. அதற்காக 'அமெச்சூர் சேம்பர் மியூசிக் பிளேயர்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். தன் நியூயார்க் வீட்டில் நால்வரிசை மாலைகளை நடத்திவந்த வயலின்காரர் ஹெலன் ரைஸ் செயலாளராகப் பல ஆண்டுகள் அதைக் கட்டிக்காத்தார். அமைப்பு இன்றும் இருக்கிறது. பெயரில் 'அமெச்சூர்' மட்டும் போய் 'அசோசியேட்டட்' வந்துவிட்டது. அவர்கள் உருவாக்கியது கச்சேரி அரங்கமோ பரிசுத்தொகையோ அல்ல. ஒரு விலாசப் பட்டியல். பெயர், ஊர், வாத்தியம், அதன் பக்கத்தில் ஏ, பி, சி, டி என்று ஒரு தரம். அந்தத் தரத்தைப் போட்டுக்கொள்வது நீங்களே.

எளிமையான ஏற்பாடுதான். ஆனால் இதைவிட நல்ல அறப் பரீட்சையை என்னால் யோசிக்க முடியவில்லை. தேர்வாளர் இல்லை, சான்றிதழ் இல்லை. உங்களை ஒரு படி ஏற்றிப் போட்டுக்கொண்டால் முகம் தெரியாத மூன்று பேரின் சாயங்காலம் பாழாகும். "எனக்கெல்லாம் என்ன சார் தெரியும்" என்று நம் ஊர்த் தன்னடக்கத்தோடு இறக்கிப் போட்டால், அவர்கள் உங்களுக்காக எளிய இசையை எடுத்து வைத்துக் காத்திருப்பார்கள். அதுவும் பொய்தான். பெருமையும் பணிவும் என்னைப் பற்றியவை. தரம் போடும் கேள்வியோ அவர்களைப் பற்றியது: என்னை நம்பி அவர்கள் என்ன எடுத்து வைக்கலாம்?

அலஸ்டேர் மெகின்டயர் 1981-இல் வெளியான 'ஆஃப்டர் வெர்ச்சூ' நூலில், ஒரு கலைக்குள் இருந்தால் மட்டுமே கிடைக்கும் நன்மைகளையும், பணம் புகழ் போல வெளியிலிருந்தும் பெறக்கூடியவற்றையும் பிரிக்கிறார். மிட்டாய்க்காகச் சதுரங்கம் ஆடும் குழந்தைக்கு ஏமாற்றி ஜெயிப்பது லாபம். ஆட்டத்துக்காகவே ஆடத் தொடங்கிய பிறகு ஏமாற்றினால் தோற்பது அதுவேதான். அமெச்சூருக்கு மிட்டாய் கிடையாது. அதனால் அவர் அளவுகோல்களிலிருந்து விடுதலை பெற்றவர் என்று நினைக்கிறோம். அவர் விடுதலை பெற்றது பார்வையாளர்களிடமிருந்து மட்டுமே. பயிற்சி செய்யாமல் வந்து, "நான் என்ன புரொஃபஷனலா?" என்று கேட்பவர் அந்த விடுதலையைத் தப்பாகப் புரிந்துகொண்டவர்.

மறுபக்கமும் உண்டு. மற்ற மூவருக்கும் கடமை இருக்கிறது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்து எடுக்க வேண்டும். ஒருவர் வழி தொலைந்தால், சுவடியில் அங்கங்கே குறித்திருக்கும் எழுத்தை அடுத்த முறை கடக்கும்போது உரக்கச் சொல்லி அவரை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். முகம் சுளிக்கக் கூடாது. திறமை சமமில்லாத நான்கு பேர், ஒருவரையும் வெளியே தள்ளாமல், இசையையும் கைவிடாமல் கடைசி அளவை வரை போய்ச் சேர்வது சாதாரண விஷயம் இல்லை. திறமையைச் சொல்லியே ஆட்களைக் கழித்துவிடும் உலகத்திலிருந்துதான் அவர்கள் அந்த அறைக்கு வருகிறார்கள்.

அப்படியென்றால் இதை எப்படிப் பரப்புவது? ஆர்வலர்கள் உடனே யோசிப்பது ஆண்டு விழா, போட்டி, காணொளி. எல்லாவற்றுக்கும் ஒரு பார்வையாளர் கூட்டம் வேண்டும். கூட்டம் வந்ததும் நன்றாக வாசிப்பவர் முன்னால் வருவார், சுமாராக வாசிப்பவர் நாற்காலி எடுத்துப்போடப் போவார். யாரை வளர்க்க இதெல்லாம் தொடங்கியதோ அவர்தான் முதலில் காணாமல் போவார். மேடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேடையில் சிறந்து விளங்குபவர்கள் இல்லாவிட்டால் இந்த இசை எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதே மற்றவர்களுக்குத் தெரியாது. ஆனால் பரப்புதலுக்கு மேடை அளவுகோல் ஆகக் கூடாது. தேவை ஒரு பட்டியல், ஓர் அறை, கடன் கொடுக்கச் சில இசைச் சுவடிகள், நான்காவது ஆளைத் தொலைபேசியில் பிடித்துத் தரும் ஒருவர்.

நம் ஊரில் எத்தனை பேர் பத்தாம் வகுப்போடு பாட்டு கிளாஸையும் வயலினையும் நிறுத்தினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். 'மேடைக்குப் போற அளவுக்கு வராது' என்று தெரிந்த நாளில் நின்றுபோனவை அவை. மேடைக்கும் மௌனத்துக்கும் நடுவில் அவர்களுக்கு ஓர் அறை இருந்ததில்லை. யார் கேட்கப்போகிறார்கள் என்றால், கூட உட்கார்ந்து வாசிக்கும் மூன்று பேர் போதும். தட்டிக்கேட்கவும், காதுகொடுத்துக் கேட்கவும்.