யாரைத் தூக்கிவிட்டு யாரைப் போடுவது?

ஐ.பி.எல். தொடங்கும் மார்ச் கடைசியிலிருந்து இறுதிப் போட்டி முடியும்வரை மும்பையின் தமிழர் பகுதிகளில் ஒரே கேள்வி பல விதமாகக் கேட்கப்படுகிறது: பதினொரு பேரில் யார் இருக்க வேண்டும், யாரை உட்கார வைக்க வேண்டும்? தாராவி 90 அடிச் சாலையில் கட்டிங் சாயோடும், மாட்டுங்காவில் ஃபில்டர் காபியோடும், செம்பூரிலிருந்து கிளம்பும் ஹார்பர் லைன் ரயிலின் நெரிசலிலும் இந்த வழக்கு நடக்கிறது. வாதாடுகிற ஒருவருக்கும் தேர்வுக் குழுவில் ஓட்டு கிடையாது. அவர்கள் சொல்வது எந்தக் கேப்டன் காதிலும் விழப்போவதில்லை. இருந்தும் ஆவரேஜ் சொல்லி, ஸ்ட்ரைக் ரேட் சொல்லி, எதிராளி மறந்துபோன ஒரு மேட்சை ஞாபகப்படுத்தி, கடை அடைக்கும்வரை பேசுகிறார்கள். முடிவெடுக்கும் அதிகாரம் துளியும் இல்லாத விஷயத்தில் மனிதர்கள் எதற்காக இவ்வளவு சிரத்தையாக ஒரு கருத்தை வளர்த்துக்கொள்கிறார்கள் என்ற கேள்வி விளையாட்டோடு நிற்பதில்லை.

மும்பைத் தமிழருக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. வீட்டுப் பேச்சு தமிழ். பிறந்து வளர்ந்து பிழைப்பது மும்பை. 2008இல் ஐ.பி.எல். வந்தபோது ஊருக்கு ஒரு அணி என்று பிரித்துவிட்டார்கள். மும்பை இந்தியன்ஸும் சென்னை சூப்பர் கிங்ஸும் இறுதிப் போட்டியில் மட்டும் நான்கு முறை மோதியிருக்கின்றன. 2010இல் சென்னை ஜெயித்தது. 2013, 2015, 2019 மூன்றிலும் மும்பை. கடைசி முறை வித்தியாசம் ஒரே ஒரு ரன். அப்பாவுக்கு மஞ்சள், பிள்ளைக்கு நீலம் என்று ஒரே வீடு இரண்டாக நிற்பதில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

ஆனால் ஏலம் அந்தக் கோட்டை மதிப்பதில்லை. 2019 இறுதிப் போட்டியில் சென்னைக்காக மும்பையின் மலிங்கா வீசிய கடைசிப் பந்தைச் சந்தித்து எல்.பி.டபிள்யூ. ஆனவர் ஷர்துல் தாக்குர். பால்கரிலிருந்து லோக்கல் ரயிலில் வந்து மும்பையில் ஆடி முன்னுக்கு வந்தவர். 2024 ஏப்ரல் 14 அன்று வான்கடேயில் சென்னைக்காக 38 பந்தில் 66 ரன் அடித்து மும்பையைக் கலங்கடித்த ஷிவம் துபேயும் மும்பை ரஞ்சி அணிக்காரர்தான். ஊர்ப் பாசத்தை வைத்து ஒருவரைப் பிடிக்கும், பிடிக்காது என்று சொல்லத் தொடங்கும் ரசிகர் இரண்டாவது வாக்கியத்திலேயே மாட்டிக்கொள்கிறார். ஆளைப் பற்றித்தான் பேசியாக வேண்டும், அவர் என்ன செய்தார் என்பதைத்தான் எடுத்து வைக்க வேண்டும். இரண்டு ஊருக்கும் பாதி சொந்தமாக இருப்பதில் இப்படி ஒரு லாபம் உண்டு.

அந்த ஏப்ரல் 14 ஆட்டம் எண்களை எப்படிப் படிப்பது என்பதற்கு நல்ல பாடம். சென்னை இன்னிங்ஸில் நான்கு பந்து மீதமிருக்கும்போது தோனி இறங்கினார். ஹர்திக் பாண்டியாவின் பந்துகளில் மூன்று சிக்ஸர், கடைசிப் பந்தில் இரண்டு ரன், மொத்தம் 20. சென்னை 206. மும்பை 186இல் நின்றது. தோல்வி வித்தியாசமும் அதே 20. அன்றிரவே ‘தோனி ஜெயிக்க வைத்தார்’ என்று கணக்கு முடிந்துவிட்டது. ஆனால் சென்னையின் பத்திரனா நான்கு விக்கெட் எடுக்காமல் இருந்திருந்தால் அந்த 20 எதற்கும் காணாது. இன்னொரு பக்கம் ரோஹித் சர்மா 63 பந்தில் 105 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார். அந்தச் சதம் மும்பையைக் காப்பாற்றியதா, நடு ஓவர்களில் வேகம் குறைந்து சிக்க வைத்ததா என்று இன்றுவரை பேச்சு ஓயவில்லை. ரன்னுக்கு முதல் ஓவர், கடைசி ஓவர் என்ற பேதம் கிடையாது. கண்ணுக்குத்தான் உண்டு. கடைசியில் வந்த 20ஐப் பார்த்த கண் முதல் பத்து ஓவரில் சேர்ந்ததை மறந்துவிடுகிறது. நல்ல வாதக்காரர் அந்த மறதியைத்தான் முதலில் பிடிக்கிறார்.

மும்பைக்காரர்களுக்கு இந்தப் பழக்கம் மழையில் வந்தது. 1948 முதல் நடக்கும் காங்கா லீக், வேண்டுமென்றே மழைக்காலத்தில் ஆடப்படும் போட்டி. மாட்டுங்காவின் தட்கர் மைதானம் போன்ற இடங்களில் நனைந்த, மூடாத பிட்சில், முழங்கால் வரை வளர்ந்த புல்லில் பந்தைத் தேடிக்கொண்டு ஆடுவார்கள். அங்கே ஒருவர் 30 ரன் எடுத்தால் அது வேறு மைதானத்தின் 80. ஆகையால் ஸ்கோரைக் கேட்டவுடன் யாரும் தலையாட்டிவிடுவதில்லை. “ஆவரேஜ் இருக்கட்டும் அண்ணாச்சி, எந்தப் பிட்சுல, யாரு பவுலிங்ல அடிச்சான்?” என்ற கேள்வி உடனே வரும்.

அந்தக் கேள்வியை 1973 ரஞ்சி இறுதிப் போட்டியிடம் கேட்டுப் பார்க்கலாம். சேப்பாக்கத்தில் பம்பாயும் தமிழ்நாடும் மோதின. தமிழ்நாட்டிடம் வெங்கட்ராகவன், வி.வி.குமார் என்ற சுழல் ஜோடி இருந்ததால் பந்து நன்றாகத் திரும்பும் ஆடுகளம் அமைந்தது. பம்பாய் எடுத்தது 151, 113. தமிழ்நாடு 80, 61. ஆட்டம் மூன்றாம் நாளின் முதல் பந்தோடு முடிந்துபோனது. பம்பாயின் இடக்கை சுழல் பந்துவீச்சாளர் பத்மாகர் ஷிவல்கர் முதல் இன்னிங்ஸில் 16 ரன்னுக்கு 8 விக்கெட், இரண்டாவதில் 18 ரன்னுக்கு 5 விக்கெட். அது பம்பாய் தொடர்ச்சியாக வென்ற பதினைந்தாவது ரஞ்சிக் கோப்பை.

அந்த ஷிவல்கர் ஒரு டெஸ்ட் கூட ஆடியதில்லை. முதல்தரப் போட்டிகளில் 589 விக்கெட், சராசரி 20க்கும் கீழே. ஆனால் அதே காலத்தில் இந்திய அணியில் அதே இடக்கையால் பந்து வீசியவர் பிஷன் சிங் பேடி. எதிரணியின் வி.வி.குமாருக்கு 599 விக்கெட். 1961இல் டில்லியில் பாகிஸ்தானுக்கு எதிரான முதல் டெஸ்டிலேயே ஐந்து விக்கெட் எடுத்தவருக்கு மொத்தம் கிடைத்தது இரண்டே டெஸ்ட். பத்து விக்கெட் வித்தியாசத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இந்த இரண்டு எண்களும் மும்பைத் தமிழருக்கு இரண்டு பக்கத்துச் சொத்து. இரண்டுமே திறமைக் குறைவைச் சொல்லவில்லை. பிறந்த வருஷமும், கூடவே யார் பிறந்தார்கள் என்பதும் ஒருவரின் கையில் இல்லை என்பதையே சொல்கின்றன. ஷிவல்கர் 2025 மார்ச்சில் 84 வயதில் மறைந்தபோதும் முதலில் பேசப்பட்டது ஆடாமல் போன அந்த டெஸ்ட்களைப் பற்றித்தான்.

எண்களை வைத்து வாதாடும் இந்த வழக்கம் உலகில் மிகவும் முற்றிய இடம் அமெரிக்க பேஸ்பால். அந்த ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையை உருவாக்கிய ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்கப் பத்திரிகைகளில் கிரிக்கெட் எழுதிப் பழகியவர். கன்சாஸில் ஒரு உணவுத் தொழிற்சாலையில் இரவுக் காவல் பார்த்த பில் ஜேம்ஸ் என்பவர், பேஸ்பாலில் எந்த எண்ணை நம்பலாம், எது ஏமாற்றும் என்று சொந்தச் செலவில் 1977 முதல் புத்தகம் போட்டு வந்தார். அணிகள் நெடுங்காலம் அவரைச் சட்டை செய்யவில்லை. 2003இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அவரை வேலைக்கு அழைத்தது. மறு வருஷம் 86 ஆண்டுக்குப் பிறகு அந்த அணி பட்டம் வென்றது. ஆனால் லட்சத்தில் ஒருவருக்கு நடப்பதை வைத்து மீதிப் பேரின் பேச்சுக்கு நியாயம் தேட முடியாது. அவர்களின் பேச்சுக்கு வேறு பயன் இருக்க வேண்டும்.

ஷ்ரேயஸ் ஐயர் விஷயத்தில் அந்தப் பயன் துலங்குகிறது. செம்பூரில் பிறந்து, மாட்டுங்கா டான் பாஸ்கோ பள்ளியிலும் பொதார் கல்லூரியிலும் படித்தவர். 2015-16 ரஞ்சியில் 1,321 ரன். 2023 உலகக் கோப்பையில் 530. அடுத்த வருஷத் தொடக்கத்திலேயே வாரிய ஒப்பந்தப் பட்டியலில் பெயர் இல்லை. அதே 2024இல் கொல்கத்தாவுக்குக் கோப்பை வாங்கித் தந்தார். ஏலத்தில் பஞ்சாப் 26.75 கோடிக்கு எடுத்தது, 2025 ஐ.பி.எல்.லில் 604 ரன் அடித்து அந்த அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். அந்த ஆகஸ்டில் அறிவித்த ஆசியக் கோப்பை அணியில் இடம் இல்லை. செம்பூர் கொதித்தது. வேடிக்கை பார்க்க வெளியாள் யாருமில்லாத வழக்கு அது: தேர்வுக் குழுத் தலைவர் அஜித் அகர்கர் மும்பைக்காரர், அந்த அணியின் கேப்டன் சூர்யகுமார் யாதவ் அதே செம்பூர் பக்கத்து அணுசக்தி நகரில் வளர்ந்தவர். முப்பது வயதுவரை இந்திய அணியின் கதவு திறக்காமல் காத்திருந்து, 2021இல் சர்வதேச ஆட்டத்தில் சந்தித்த முதல் பந்தையே சிக்ஸருக்குத் தூக்கியவர்.

ஐயரை விட்டது அவர் குற்றமும் இல்லை, குழுவின் குற்றமும் இல்லை, அவரை யார் இடத்தில் போடுவது என்று சொல்லுங்கள் என்பது அகர்கர் தந்த விளக்கத்தின் சாரம். தட்டிக்கழிக்கும் பதிலாகத் தோன்றலாம். உண்மையில் இதுதான் விவாதத்தை யோக்கியமாக்கும் கேள்வி. ‘சேர்க்க வேண்டும்’ என்று சொல்வது சுலபம். சேர்க்கும் கையாலேயே இன்னொருவர் பெயரை அடிக்க வேண்டும், அவரும் எங்கோ ஒரு மைதானத்தில் வியர்வை சிந்தி வந்தவர்தான். பெயர் சொல்லி அடிக்கத் துணிந்து, அதற்குக் காரணமும் சொல்பவரின் வாதத்தையே தாராவியில் காது கொடுத்துக் கேட்கிறார்கள். தனக்கு ஒரு பைசா லாபமில்லாத இடத்தில், முகம் பார்த்திராத இருவருக்குள் யாருக்கு என்ன சேர வேண்டும் என்று நிறுத்துப் பார்க்கும் பழக்கம் அங்கே கைவருகிறது. அலுவலகத்திலும் குடும்பத்திலும் ஒவ்வொரு தீர்ப்பிலும் தீர்ப்பவரின் லாபநஷ்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டீக்கடையில் அது இல்லை.

அதிகாரம் இல்லாததால் வரும் சுதந்திரத்துக்கு இன்னொரு சான்று தாராவிக்கு மிக அருகிலேயே நடந்தது. மித்தி ஆற்றுக்கு இந்தப் பக்கம் தாராவி. அந்தப் பக்கம் பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ் மைதானம். 2024 மார்ச்சில் ரஞ்சி அரையிறுதிக்குத் தமிழ்நாடு அங்கே வந்தது. டாஸில் ஜெயித்து பேட்டிங் எடுத்து 146இல் சுருண்டது. பதிலுக்கு மும்பை 106க்கு 7 விக்கெட் என்று தடுமாறியபோது, அதே ஷர்துல் தாக்குர் வந்து 109 அடித்தார். தமிழ்நாடு இன்னிங்ஸ் தோல்வி. ‘டாஸ் ஜெயிச்சதும் பந்தை எடுத்திருக்கணும்’ என்று ஊரெல்லாம் சொன்னது. அதையே தமிழ்நாட்டின் பயிற்சியாளர் சுலக்ஷண் குல்கர்னி, அவரும் மும்பைக்காரர், பத்திரிகையாளர் முன்னால் சொல்லி, முடிவெடுத்த கேப்டன் சாய் கிஷோரின் பக்கம் கை காட்டியதும் தமிழ்நாட்டு ஆட்டக்காரர் தினேஷ் கார்த்திக் வெளிப்படையாகக் கண்டித்தார். கண்டிப்பு சரியானது. ரசிகர் சொன்னால் கருத்து. ஆட்டக்காரரின் எதிர்காலத்தைக் கையில் வைத்திருப்பவர் சொன்னால் அதுவே காட்டிக்கொடுப்பு.

ரசிகர்களும் எல்லை மீறுவதுண்டு. ரோஹித்தை மாற்றிவிட்டுக் கேப்டனாக்கப்பட்ட ஹர்திக் பாண்டியாவை அதே 2024இல் வான்கடே கூட்டமே ஊளையிட்டு அவமானப்படுத்தியது. முடிவெடுத்தது அணி நிர்வாகம், அடி வாங்கியது ஆட்டக்காரர். அங்கே ஆவரேஜும் இல்லை, ஆதாரமும் இல்லை. கூட்டமாகக் கத்தும்போது தொலைந்துபோகும் நிதானம் நான்கு பேர் உட்கார்ந்து மறுத்துப் பேசும் இடத்தில்தான் மிஞ்சுகிறது.

மும்பை இன்னும் தீர்க்காத வழக்கு அமோல் முசும்தாருடையது. 1988இல் டெண்டுல்கரும் காம்ப்ளியும் பள்ளிக்கூட ஆட்டத்தில் 664 ரன் சேர்த்தபோது, அடுத்து இறங்க பேட் கட்டி உட்கார்ந்திருந்த பையன் இவர். ரஞ்சியின் முதல் ஆட்டத்திலேயே 260; மொத்தம் முதல்தர ரன் 11,167; இந்தியாவுக்காக ஒரு ஆட்டமும் இல்லை. 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் இந்தியப் பெண்கள் அணி தென்னாப்பிரிக்காவை 52 ரன் வித்தியாசத்தில் வென்று முதல் உலகக் கோப்பையை எடுத்தபோது பயிற்சியாளர் அவர்தான். பாக்கி தீர்ந்தது என்று பலர் மகிழ்ந்தார்கள். தீரவில்லை என்பவர்கள் பக்கமே நியாயம் இருக்கிறது: கோப்பை பயிற்சி தந்தவருக்குக் கிடைத்த கூலி, பேட் பிடித்தவரின் கணக்கு அப்படியே நிற்கிறது. அவருக்கு இடம் தர டிராவிட், கங்குலி, லக்ஷ்மண் மூவரில் ஒரு பெயரை அடிக்க இப்படி வாதிடுபவர்களுக்கும் மனம் வருவதில்லை. ஆனால் பதினைந்து, பதினாறு பேரோடு கிளம்பிய வெளிநாட்டுப் பயணங்களில் ஒன்றிலாவது அவரைக் கூட்டிப்போயிருக்கலாமே என்கிறார்கள். அதற்கு இதுவரை யாரும் சரியான பதில் சொல்லவில்லை.