ஒற்றரை ஆராய்வது யார்?

பேச்சை எவரும் கேட்கவில்லை. யார் யாரை அழைத்தார், எப்போது அழைத்தார், எவ்வளவு நேரம் பேசினார் என்ற கணக்கைத்தான் எடுத்தோம். 2013-இல் அமெரிக்க அரசு தன் மக்களுக்குச் சொன்ன சமாதானம் இது.

கணக்குத்தானாம்! நள்ளிரவில் மருத்துவருக்கு ஓர் அழைப்பு, விடிந்ததும் வழக்கறிஞருக்கு ஒன்று, மாலையில் தொழிற்சங்கச் செயலாளருக்கு ஒன்று. இதற்குமேல் ஒட்டுக்கேட்கவும் வேண்டுமோ? வீட்டிற்குள் நுழையவில்லை, வாயிலில் நின்று வருவோர் போவோரைக் குறித்துக் கொண்டோம் என்பவனை வாழ்த்தவா செய்வர் வீட்டார்?

எனினும் நாம் எழுப்பும் கேள்வி வேறு. ஒற்றாடல் அரசுக்குத் தேவை; வள்ளுவரே அதற்கோர் அதிகாரம் ஒதுக்கினார். ஆனால், ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு ஆராய வேண்டும் என்றும் அவரே விதித்தார். அமெரிக்காவில் அந்த இரண்டாம் ஆள் யார்? நீதிமன்றம் என்றனர். 1978-இல் அமைந்த மறைமன்றம் அது! அரசு மட்டுமே வாதிடும், எதிர்த்துரைக்க எவருமிலர், தீர்ப்போ பூட்டிய பெட்டிக்குள். 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 215-ஆம் பிரிவு, புலனாய்வுக்குத் "தொடர்புடைய" ஆவணங்களைப் பெறலாம் என்றது. அந்த ஒரு சொல்லை இழுத்து நீட்டி, குற்றமற்ற கோடிக்கணக்கானோரின் தொலைபேசிக் கணக்கும் தொடர்புடையதே என்று 2006 முதல் ஆணை பிறப்பித்து வந்தது அம்மன்றம். தன்னை ஆளும் சட்டத்திற்கு என்ன பொருள் என்பதைக் குடிமகன் அறியலாகாதாம்!

வழக்குத் தொடுக்கலாமே என்பர். தொடுத்தனர். வேறோர் ஒற்றுச் சட்டத்தை எதிர்த்து வந்த வழக்கை, நீங்கள் கண்காணிக்கப்பட்டதற்குச் சான்று எங்கே என்று கேட்டு, 2013 பிப்ரவரியில் தள்ளிற்று உச்சநீதிமன்றம். ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். சான்று அரசின் இரும்புப் பெட்டியில். சாவி அரசின் இடுப்பில். கொண்டுவா என்ற கட்டளையோ குடிமகனுக்கு!

அவ்வாண்டு ஜூனில், எட்வர்டு சுனோடன் தந்த மறைமன்ற ஆணை ஏடுகளில் வெளிவந்த பின்னரே பூட்டுத் திறந்தது. இத்தகைய திரட்டலுக்கு அச்சட்டம் இடந்தரவில்லை என 2015 மே திங்களில் தீர்ப்பளித்தது நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம். நாட்டைக் காக்கத்தானே என்ற வாதமும் நிற்கவில்லை. அந்நாட்டிற்கு வந்த ஆபத்து எதிலும் புலனாய்வின் முடிவை இத்திட்டம் மாற்றியதாக ஒரு நிகழ்ச்சியைக்கூடக் காணவில்லை என்று 2014 ஜனவரியிலேயே அறிவித்திருந்தது மேற்பார்வைக் குழு.

2015 ஜூனில் வந்த புதுச்சட்டம் மொத்தத் திரட்டலை நிறுத்தியது. புதிய, பெரிய சட்டச் சிக்கல் எழும்போது மறைமன்றம் வெளியார் ஒருவரை அழைத்துக் கருத்துக் கேட்கவும் வழி செய்தது. அழைப்பது பொருத்தமன்று என்று கருதினால், அழைக்காமலே விடவும் அம்மன்றத்திற்கு உரிமை வைத்தது!