தகப்பன்சுவாமியும் பத்தாம் வகுப்பும்



ஆண்டுதோறும் சரஸ்வதி பூஜையன்று நம் கோயிலில் அன்னையின் திருமுன் குவியும் புத்தகங்களைக் காணும்போது மனம் நிறைகிறது. மழலைகளின் அரிச்சுவடியோடு எஸ்.ஏ.டி. தேர்வுக்கான தடித்த நூல்களும் சேர்ந்திருக்கும். 2024 முதல் அத்தேர்வு இந்நாட்டில் கணினியிலேயே நடப்பதால், மடிக்கணினிக்கும் சந்தனப் பொட்டு வைக்கிறார்கள். "பிள்ளை என்ன படிக்கப் போகிறது?" என்று நாம் கேட்டால், பதில் உடனே வருகிறது. ஆனால் பதில் சொல்பவர் தந்தை. பிள்ளை பக்கத்தில் பேசாமல் நிற்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு தைப்பூசத்தன்று அபிஷேகம் நடந்துகொண்டிருந்த வேளையில், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் வாகன நிறுத்துமிடத்தில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். எங்களில் ஒருவர் போய், "உள்ளே வாப்பா, தீபாராதனை ஆகப்போகிறது" என்று அழைத்தார். "வரலை அங்கிள். உள்ளே வந்தா எல்லாரும் ஸ்கோர் கேட்பாங்க" என்றான் அவன். அந்த 'எல்லாரும்' என்ற சொல்லில் நாங்களும் அடக்கம். பிரசாத வரிசையில் அவனிடம் மதிப்பெண் கேட்டவர்களில் சமய வகுப்பு நடத்தும் நாங்களும் உண்டு. அன்பினால்தான் கேட்டோம். ஆயினும் அந்த அன்பு ஒரு பிள்ளையைச் சந்நிதிக்கு வரவிடாமல் செய்துவிட்டது. அன்று முதல் எங்கள் சிந்தனை சுவாமிமலையையே சுற்றி வருகிறது.

கதை நாம் அறிந்ததுதான். பிரணவத்தின் பொருள் தெரியாத பிரம்மதேவனைக் குமரன் சிறையில் அடைத்தான். விடுவிக்கச் சொல்லி சிவபெருமானே வந்தார். குமரன் தந்தை சொல்லை ஏற்றான். பிறகு தந்தை கேட்டார்: "அப்படியானால் உனக்குப் பொருள் தெரியுமோ?" "தெரியும். சீடராக இருந்து கேட்டால் சொல்வேன்" என்றான் பிள்ளை. உலகுக்கெல்லாம் குருவான பெருமான், கைகட்டி, வாய்பொத்தி, செவி சாய்த்துக் கேட்டார். அதனால் மகனுக்குச் சுவாமிநாதன் என்றும் தகப்பன்சுவாமி என்றும் பெயர் வந்தது. கும்பகோணத்தருகே உள்ள அந்தக் கட்டுமலைக்குச் சென்றவர்கள் கண்டிருப்பீர்கள்: தந்தை சுந்தரேசுவரராகக் கீழே வீற்றிருக்கிறார், அறுபது தமிழ் ஆண்டுகளைக் குறிக்கும் அறுபது படிகளை ஏறிச் சென்றால் மேலே மகனின் சந்நிதி.

இதில் இரண்டு செய்திகள் உண்டு. "பிரம்மனை விடு" என்று கண்டிப்பாகச் சொன்னவரும் தந்தையே. பணிந்து கேட்டவரும் அதே தந்தையே. கண்டிப்பு இருந்ததால் கேட்பது குறையவில்லை. கேட்டதால் தந்தையின் பெருமையும் குறையவில்லை. இந்நாட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளையை வைத்திருக்கும் நமக்கு இரண்டுமே வேண்டும்.

ஏன் பத்தாம் வகுப்பு? நாம் படித்த ஊரில் பிளஸ் டூ அல்லது உயர்தரப் பரீட்சை என்ற ஒரே வாசல் இருந்தது. அந்தச் சில நாட்களே எல்லாவற்றையும் தீர்மானித்தன. இங்கே அப்படியில்லை, நான்கு ஆண்டுப் பாடங்களும் தரங்களும் சேர்ந்தே பேசுகின்றன. நம் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். அது பார்க்கும் சராசரி, ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து பதினோராம் வகுப்பு முடிந்த கோடை வரை எடுத்த பாடங்களைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. அதாவது அந்தக் கணக்கில் பாதி பத்தாம் வகுப்பு. குறித்த பிரிவுகளில் பதினைந்து ஆண்டுப் பாடங்கள் வேண்டும். அவற்றில் பதினொன்று பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஓவியமோ இசையோ நாடகமோ ஓராண்டு கட்டாயம். "பாட்டு வகுப்பு எதற்கு, இன்னொரு விஞ்ஞானம் எடு" என்று சொல்லிவிட்டுப் பிறகு திகைத்த பெற்றோர் நம்மிடையே உண்டு.

நாம் அஞ்சி ஓடும் எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணை அதே பல்கலைக்கழகம் 2021 முதல் சேர்க்கைக்குப் பார்ப்பதே இல்லை. எம்.ஐ.டி. போன்ற சில இடங்களோ 2022-ல் அதை மீண்டும் கட்டாயமாக்கின. இடத்துக்கு இடம் விதி வேறு. பத்தாம் வகுப்பில் எழுதும் பி.எஸ்.ஏ.டி. பயிற்சிக்காகவே, தேசிய தகுதிப் பரிசுக்குப் பதினோராம் வகுப்பில் எழுதுவதே கணக்கு. இந்த விவரங்களில் பல நம் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தெரியாதவற்றைப் பள்ளி ஆலோசகர் சொல்வார். பிள்ளையையும் அழைத்துக்கொண்டு அவரை ஒருமுறை சென்று பாருங்கள். அங்கே பிள்ளை பேசட்டும்; நாம் கேட்போம். சீடராக இருப்பதன் முதல் பாடம் அது.

இனி, தந்தையும் தாயும் சொல்ல வேண்டியவை. அவை மூன்று.

முதலாவது பணம். நம் வீடுகளில் பிள்ளைகளிடம் பணத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பிறகு பன்னிரண்டாம் வகுப்பின் ஏப்ரலில், இடம் கிடைத்த கடிதம் கையில் இருக்கும்போது, "நம்மால் முடியாது கண்ணா" என்கிறோம். அது கொடுமை. மத்திய அரசின் உதவித்தொகை விண்ணப்பம், கல்லூரி தொடங்குவதற்கு முந்தைய ஆண்டின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. அதற்கும் முந்தைய ஆண்டின் வருமானத்தையே பார்க்கிறது. உதாரணமாக 2028-ல் கல்லூரி சேரும் பிள்ளைக்கு 2026-ன் வருமானம் கணக்கு. அந்த ஆண்டு பிள்ளை பத்தாம் வகுப்பில் பாதியில் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. கல்லூரிகளின் இணையதளங்களில், நம் விவரங்களைப் பதிந்தால் நம் குடும்பம் ஏறக்குறைய எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று காட்டும் கணிப்பான் உண்டு. ஒரு ஞாயிறு மாலை பிள்ளையோடு சேர்ந்து அதைப் பாருங்கள்.

இரண்டாவது, விசா. எச்-4 விசாவிலுள்ள பிள்ளைக்கு மத்திய அரசின் உதவித்தொகை கிடையாது. இருபத்தொரு வயதில் பெற்றோரைச் சார்ந்த அந்த நிலையும் முடிந்துவிடும். பச்சை அட்டைக்காக நெடுங்காலம் காத்திருக்கும் குடும்பங்கள் இதைப் பிள்ளையிடமிருந்து மறைக்க வேண்டாம். தகுந்த வழக்கறிஞரிடம் இப்போதே கேளுங்கள். பிள்ளைக்கும் வயதுக்கேற்றபடி சொல்லுங்கள். காரணம் அறியாத பயத்தைவிடக் காரணம் அறிந்த கவலை தாங்கக்கூடியது.

மூன்றாவது, நேர்மை. கோயிலில் சேவை செய்த மணிநேரங்களுக்குச் சான்று கேட்டு வருகிறீர்கள். அன்னதானத்தில் இலை போட்ட பிள்ளைக்கும், சிறுவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த பிள்ளைக்கும் மகிழ்ச்சியோடு கையெழுத்திடுகிறோம். செய்யாத சேவைக்கு மட்டும் கேட்காதீர்கள். அது பிள்ளையின் விண்ணப்பத்தில் ஒரு வரியைச் சேர்க்கும். ஆனால் பெற்றவர்களே பொய் சொல்லச் சொன்னார்கள் என்ற நினைவையும் சேர்த்து வைக்கும்.

சமுதாயக் கல்லூரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே இரண்டாண்டு படித்து, உரிய நிபந்தனைகளை நிறைவேற்றினால், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்களில் ஒன்றுக்கு உறுதியான மாற்றிடம் பெற வழி உண்டு. அந்த வழியில் போகும் பிள்ளையைக் கோயில் மண்டபத்தில் இரக்கத்தோடு பார்ப்பதை நாம் விட வேண்டும். படிகளை ஒவ்வொன்றாக ஏறினாலும் அதே சந்நிதிதான்.

அர்ச்சனைக்கு முன் குருக்கள் செய்யும் சங்கல்பத்தைக் கவனித்திருப்பீர்கள். எந்த இடத்தில், எந்தக் காலத்தில், யார், எதற்காக வழிபடுகிறார் என்று சொல்லிய பிறகே பூஜை தொடங்கும். படிப்புக்கான திட்டமும் சங்கல்பமே. எங்கே நிற்கிறோம், எத்தனை காலம் இருக்கிறது என்பதைப் பெற்றோர் சொல்லலாம். யார், எதற்காக என்பதைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். பிறர் பெயரில் நாம் அர்ச்சனை செய்யலாம். பிறர் வாழ்க்கையை நாம் வாழ முடியாது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் எளியது. வரும் சஷ்டிக்கு முன் ஒரு மாலை, கைபேசிகளை ஒதுக்கிவிட்டு, பிள்ளையின் முன் உட்கார்ந்து கேளுங்கள்: "உனக்கு எதைப் படிக்கும்போது நேரம் போவது தெரியவில்லை?" பதில் வரும்வரை இடையில் பேசாதீர்கள். "எனக்குத் தெரியலை" என்பதே பதிலானால், பதினைந்து வயதில் அதுவும் உண்மையான பதில்தான். தேடிப்பார்க்க இன்னும் காலம் இருக்கிறது. பிறகு குடும்பமாகக் கோயிலுக்கு வாருங்கள். பிள்ளையே தன் பெயரையும் நட்சத்திரத்தையும் குருக்களிடம் சொல்லட்டும்.

இவ்விதழின் ஆங்கிலப் பக்கங்களைப் பிள்ளைகள் படிப்பார்கள். இந்தத் தமிழ்ப் பக்கம் பெற்றோருக்காக எழுதியது. ஆயினும் ஒரு செய்தியை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்: பிரசாத வரிசையில் இனி நாங்கள் யாரிடமும் மதிப்பெண் கேட்க மாட்டோம். காரில் உட்கார்ந்திருந்த அந்தத் தம்பிக்காக அடுத்த தைப்பூசத்தில் ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கல் எடுத்து வைத்திருப்போம். அவன் உள்ளே வர வேண்டும்.

செவி சாய்த்த தந்தையும், உபதேசித்த மைந்தனும் நம் இல்லங்கள் அனைத்திலும் எழுந்தருளிக் காப்பார்களாக.

சுபம்.